ஜகா வாங்கின இருபத்திமூணு பேரு

புதுசா சேந்துகீற பொண்ணுங்களா, நான் ரிட்டயர் ஆயிட்டேன்னு சொன்னா சிரிக்கிறீங்க. சிரிங்க. எனக்கு இருபத்தெட்டு வயசுதான். ஆனா மெஷின்லருந்து ரிட்டயர், அது மெய்யாலுமே. பன்னண்டு வருஷம் குனிஞ்சி குனிஞ்சி காலரு வெச்சேன், இப்ப முதுகு நிமிர மாட்டேங்குது. டாக்டரு இனிமே ஸ்டூல்ல குந்தக் கூடாதுன்ட்டாரு. செரி, புதுசா வர்றதுங்களுக்கு நாலு வார்த்த சொல்லும்மான்னு கம்பெனில என்ன இங்க நிக்க வெச்சிகீறாங்க. நான் ஆறாவது தாண்டல. அதனால பெரிய பேச்செல்லாம் எதிர்பாக்காதீங்க.

காலரு எப்டி வெக்கிறது, கையி எப்டி ஏத்துறது, அத்தெல்லாம் சூப்பரவைசரு சொல்லித் தருவாங்க. ஒரு மாசத்துல கையி தானா கத்துக்கும். நான் சொல்லப் போறது வேற. ஜகா வாங்குறது பத்தி.

ஜகான்னா தெரியும் ஒங்களுக்கு. ஆனா நெறைய பேரு தப்பா சொல்றீங்க. மொதல்லயே ‘என்னால முடியாதுக்கா’ன்னு சொல்றா பாரு, அவ ஜகா வாங்கல. சண்ட போட்டுகினு பிரிஞ்சி போறா, அவளும் ஜகா வாங்கல. ‘நான் கீறேன், நீ போ’ன்னு முதுகுல தட்டி அனுப்பிச்சவதான் ஜகா வாங்க முடியும். அவ போயி நின்னு திரும்பிப் பாக்குறா, நீ அங்க இல்ல. அதுக்குப் பேருதான் ஜகா. அத்த நான் வாங்கியிருக்கேன். அதனால எனக்கு நல்லாத் தெரியும்.

நான் சேந்து மூணாவது வருஷம். நம்ம கம்பெனி இல்ல, அம்பத்தூர் எஸ்டேட்ல வேற ஒரு கம்பெனி, இப்ப மூடிட்டாங்க. கொழந்தைங்க கவுனு தெச்சி வெளிநாட்டுக்கு அனுப்புவாங்க. எங்க லைன்ல இருபத்தினாலு பேரு. இருபத்தினாலு பேருக்கும் சேத்து ஒரே ஒரு பித்தாள டோக்கன், சூப்பரவைசரு டேபிள் பக்கத்துல ஆணில தொங்கும். பாத்ரூம் போவணும்னா அத்த எடுத்துகினு போவணும். ஒருத்தி எடுத்துகினு போயிட்டா, அவ வர்ற வரைக்கும் மத்த இருபத்திமூணு பேரும் பல்லக் கடிச்சிகினு குந்தியிருக்கணும். டோக்கன் இல்லாம எய்ந்தா அர நாள் கட்.

இத்த கண்டுபுடிச்சது அங்க இருந்த மேனேஜரு. கழுத்துல எப்பவும் ஒரு ஸ்டாப்வாட்ச்ச மாட்டிகினு திரிவாரு, அதனால அவுரு பேரே ஸ்டாப்வாட்ச். நல்ல மனுசன்தான், கெட்ட வார்த்த பேச மாட்டாரு. ஆனா ஒரு பொம்பள பாத்ரூம் போயிட்டு வர எவ்ளோ நேரம் ஆவும்னு எங்கியோ படிச்சி வெச்சிருந்தாரு. அத்த எழுதினவன் எந்த ஊரு பொம்பளைய பாத்தானோ!

ஒரு நாளு எனக்கு மாச டேட்டு முன்னாடியே வந்துட்சு. டோக்கன் வெளிய போயிருந்தது. கெஞ்சுறேன், சூப்பரவைசரு ‘அவ வந்துடட்டும்’ன்றாங்க. அவ வர்றதுக்குள்ள பாவாடையெல்லாம் நாசம். ஷிப்ட் முடிஞ்சி எப்டி ஊட்டுக்குப் போறது? எஸ்டேட்டுலருந்து பட்டரவாக்கம் ஸ்டேசன் வரைக்கும் நடக்கணும். ரோடு பூரா ஆம்பளைங்க, லேத்து கம்பெனிங்க ஒரே நேரத்துல உடுவாங்க. அப்ப என் பக்கத்து மெஷின் கன்னியம்மா எனக்குப் பின்னாடி ஒட்டிகினு, நான் கால் வெச்ச எடத்துல அவ கால் வெச்சி, ஸ்டேசன் வரைக்கும் நடந்து வந்தா. ரெண்டு பேரும் ஒரே ஆளு மாதிரி. ட்ரெயின்லயும் என் முதுகுப் பக்கமே நின்னா. அவ ஊடு முத்தாபுதுப்பேட்ட, என் ஊடு கோவில்பதாக. ஆவடில எறங்குறப்ப சொன்னா:

“இன்னாடி இது, மாட்டக் கூட அவுத்து வுடுறானுங்க. நாளைக்கி பேசலாம்.”

அவளுக்கும் என் வயசுதான். ரெண்டு கிளாஸ் கூடப் படிச்சவ. சிரிச்சா லைனு பூரா கேக்கும்.

மறுநாளு டீ டைம்ல பேச்சு ஆரம்பிச்சிட்சு. கன்னியம்மா பிளானு சொன்னா. ஸ்டாப்வாட்ச் தெனிக்கும் பதினோரு மணிக்கு ரவுண்டு வருவாரு. அவுரு நம்ம லைனுக்கு வந்து நிக்கிறப்ப, இருபத்தினாலு பேரும் ஒண்ணா எய்ந்து ‘சார், பாத்ரூம்’ன்னு சொல்லணும். அவ்ளோதான். கோஷம் கெடயாது, கொடி கெடயாது.

“எல்லாருக்குமா ஒரே நேரத்துல வரும்? பொய்ன்னு சொல்லுவான்டி,” அப்டின்னா கிரேஸ்க்கா. கொரட்டூர்லருந்து வர்றவங்க, ரெண்டு புள்ள தாயி, எங்க லைன்லயே சீனியரு. எதுனா ஒண்ணு பண்ணலாம்னா மொதல்ல ‘ஆங்’ன்னு சொல்றதும் அவங்கதான், மொதல்ல காணாம போறதும் அவங்கதான்.

“பொய்யா இருந்தாத்தான? நெசமா வர வெச்சிக்கலாம். நாளைக்கி டீ டைம்ல ஆளுக்கு ரெண்டு சொம்பு தண்ணி குடிங்க. பதினோரு மணிக்கு தானா வரும்,” அப்டின்னா கன்னியம்மா.

“மூணா குடிச்சிடறேன்,” அப்டின்னாங்க கிரேஸ்க்கா.

மாதா மேல, முருகன் மேல, பெத்த புள்ளைங்க மேல எல்லாரும் சத்தியம் பண்ணோம். நான் கன்னியம்மா கையப் புடிச்சிகினு சொன்னேன்: “நீ எய்ந்த ஒடனே நான் எய்ந்துக்குவேன்டி. எனக்காகத்தான இதெல்லாம்.”

அடுத்த நாளு குடிச்சோம் பாருங்க தண்ணி! பானையே காலி. பத்து மணிக்கு சிரிச்சிகினு வந்து மெஷின்ல குந்தினோம். பதினோரு மணி. ஸ்டாப்வாட்ச் வந்தாரு. அன்னிக்கின்னு பாத்து கூட பர்சனல் ஆபீஸர், ஆள சேக்குறதும் தூக்குறதும் அவுருதான், கையில ஃபைலு, பேனா எல்லாம். லைன் முன்னாடி வந்து நின்னாரு.

கன்னியம்மா மெஷின ஆப் பண்ணா. எய்ந்தா.

“சார், பாத்ரூம்.”

நான் எய்ந்துக்கல.

ஏன்னு கேட்டா என்னாத்த சொல்றது. காலு வர்ல. அந்த ஆபீஸரு பேனா மூடியத் தொறந்தாரு, அவ்ளோதான். எங்க ஊட்ல நைனா அந்த மாசம்தான் வேல இல்லாம குந்தியிருந்தாரு. அது நெனப்பு வந்துச்சுன்னு சொல்லலாம், ஆனா அதுவும் பொய். ஒரு நெனப்பும் வர்ல. துணியையே பாத்துகினு இருந்தேன். ஒரு காலரு கோணலா போவுது, அத்த பாத்துகினு கீறேன்.

மத்தவளுங்க பண்ணத அப்புறமா ஒண்ணு ஒண்ணா சொல்லி சிரிச்சோம். ஒருத்தி கத்திரிய கீழ போட்டுட்டு அத்த தேடிகினு டேபிளுக்கு அடில போயிட்டா, அஞ்சு நிமிஷம் வெளியவே வர்ல. ஒருத்தி ஊசில நூலு கோத்துகினே கீறா, கோத்த நூல உருவி உருவித் திரும்பவும் கோக்குறா. ஒருத்திக்கி திடீர்னு இருமலு. கிரேஸ்க்கா பக்கத்துல இருந்தவ கிட்ட கேட்டாங்களாம், “இன்னிக்கா? நாளைக்கில்ல சொன்னா?” அவங்கதான் மூணு சொம்பு குடிச்சது!

ஸ்டாப்வாட்ச் கேட்டாரு: “டோக்கன் எங்க?”

“வெளிய போயிருக்கு சார்.”

“அப்ப குந்து.”

“குந்த முடியாது சார். எங்க யாராலயும் குந்த முடியாது.”

“எங்களாலன்னா? வேற யாரு?” அப்டின்னு லைன சுத்திப் பாத்தாரு. கன்னியம்மாவும் திரும்புனா. லைனெல்லாம் பாக்கல. நேரா என்னத்தான் பாத்தா. நான் காலரத்தான் பாத்தேன்.

“கேட்டுல போயி நில்லு. உன் வேல கார்டு இனிமே கீதா இல்லியான்னு சாயங்காலம் சொல்றேன்,” அப்டின்னாரு.

அவ போயிட்டா. அவ ஊட்ல அம்மாவும் ரெண்டு தம்பிங்களும், சம்பாதிக்கிறது அவ ஒருத்திதான். லைனு பூரா குனிஞ்சிகினு தெச்சது. யாரும் யாரையும் பாக்கல.

இப்பதான் கேளுங்க. நாங்க ஜகா வாங்கிட்டோம், ஆனா உள்ள போன தண்ணி வாங்கல. பதினொன்னே கால். பதினொன்னரை. எனக்கு கண்ணு ரெண்டும் கலங்கிப் போச்சு. காலப் பின்னிகினு மெஷின் பெடல மிதிச்சிப் பாருங்க, தெரியும். டோக்கன எடுத்துகினு போனவ பயந்துகினு இன்னும் வெளிய வர்ல. எதிர்ல இருக்கிறவ ஸ்டூல்ல ஆடுறா. பின்னாடி ஒருத்தி ‘ஏசுவே, ஏசுவே’ங்கிறா. இருமினவ இப்ப இருமவே இல்ல, இருமினா ஆபத்து.

தைரியம் வந்துட்சுன்னு நெனக்காதீங்க. எனக்கு முடியல, அவ்ளோதான். மெஷின ஆப் பண்ணிட்டு எய்ந்தேன். சூப்பரவைசரு, “ஏய், ஸ்டெல்லா, டோக்கன்?”

“யக்கா, டோக்கன் கேட்டா இங்கியே போயிடுவேன்!”

நடந்தேன். பத்தடி போவல, பின்னாடி ஒரு மோட்டரு நிக்கிற சத்தம். அப்புறம் இன்னொண்ணு. அப்புறம் டப்பு டப்புன்னு வரிசையா. நான் திரும்பிப் பாத்தா மொத்த லைனும் என் பின்னாடி ஓடி வருது, கிரேஸ்க்கா எல்லாரையும் இடிச்சித் தள்ளிகினு முன்னாடி வர்றாங்க. “வழி வுடுங்கடி, மூணு சொம்பு, மூணு சொம்பு!”

இருக்கிறது ரெண்டே பாத்ரூம். வரிசை பாத்ரூம்லருந்து ஆரம்பிச்சி கட்டிங் செக்ஷனத் தாண்டி கேட்டு தெரியிற எடம் வரைக்கும் நின்னது. கட்டிங் மாஸ்டருங்க துணிய வுட்டுட்டு வாயப் பொளந்து பாக்குறாங்க. கேட்டுல நின்ன கன்னியம்மாவும் பாத்தா. மொதல்ல அவளுக்குப் புரியல. அப்புறம் வயித்தப் புடிச்சிகினு சிரிச்சா பாருங்க, வாட்ச்மேன் ஸ்டூல்லருந்து எய்ந்துட்டாரு.

ஆனா அவ கார்டு இன்னும் ஸ்டாப்வாட்ச் கையிலதான். மத்தியானம் சாப்ட்ட பிறகு எங்கள ஒருத்தி ஒருத்தியா ஆபீஸ் ரூமுக்குக் கூப்ட ஆரம்பிச்சாங்க. மொதல்ல எங்க லைன்ல செக்கிங் பண்ற பானு போனா, அவ பத்தாவது படிச்சவ. வெளிய வந்து சொல்றா:

“பேப்பரு டைப் அடிச்சி வெச்சிகீறாங்கடி. கன்னியம்மாதான் வேலய நிறுத்தச் சொன்னான்னு. கையெழுத்து போட்டா நமக்கு ஒண்ணும் இல்ல. அவளுக்கு கார்டு கட். நான் போடல. ஸ்டாப்வாட்ச் அந்த ஆபீஸரு கிட்ட இங்கிலீஷ்ல சொல்றாரு, ‘பாருங்க, ஒண்ணு ஒண்ணா பேக் அவுட் பண்ணுவாங்க’ன்னு.”

“அப்டின்னா?”

“அதான்டி, ஜகா.”

“அத்த நாம காலைலயே பண்ணிட்டமே,” அப்டின்னாங்க கிரேஸ்க்கா. யாரும் சிரிக்கல. அவங்களும் சிரிக்கல.

அடுத்து நானு. ரூம்ல ஃபேனு சுத்துது. பேப்பர நவுத்தி வெச்சாரு. “நீ நல்லா வேல செய்ற பொண்ணு. உன்ன யாரு தூண்டி வுட்டது? போட்டுட்டுப் போ.”

வெளிய எல்லாரும் இருந்தப்பவே எய்ந்துக்காதவ நானு. இங்க தனியா. அப்ப எனக்கு ஒண்ணுதான் தோணுச்சு. காலைல நான் பெரிய ஆளா ஆவணும்னு பாத்தேன், ஆவ முடியல. இப்ப பெரிய ஆளா ஆவ வேணாம். நடந்தத சொன்னா போதும்.

“சார், தண்ணி குடிச்சேன். வந்துச்சு. போனேன்.”

“யாரு சொல்லிப் போன?”

“அத்த யாருனா சொல்லணுமா சார்?”

அந்த பர்சனல் ஆபீஸரு கீழ குனிஞ்சிகினாரு, சிரிப்பா இருக்கும். “கையெழுத்து?”

“‘வந்துச்சு, போனேன்’னு எழுதினா நான் போடறேன் சார்.”

வெளிய வந்தேன். “இன்னாடி சொன்னே, இன்னாடி சொன்னே?”ன்னு மொச்சிகினாளுங்க. “நடந்தத சொன்னேன். தண்ணி குடிச்சேன், வந்துச்சு, போனேன்.” அடுத்தவ போனா, அதயே சொன்னா. அவளுக்கு அடுத்தவளும். கத்திரி தேடினவ, நூலு கோத்தவ, இருமினவ, எல்லாரும். இதுல பயப்பட இன்னா கீது? நெசம்தான! கிரேஸ்க்கா முறை வந்துட்சு. நாங்க எல்லாம் போச்சுன்னு நெனச்சோம். அவங்க உள்ள போயி அர மணி நேரம். கதவுக்கு வெளிய கேக்குது:

“சார், எனக்கு ரெண்டு பிரசவமும் ஆபரேஷன் சார். மொத புள்ளைக்கப்புறமே எனக்கு நிக்காது. ரெண்டாவதுக்கு அப்புறம் சுத்தம். இருமினா கூட வரும் சார். தும்மினா கேக்கவே வேணாம். எங்க ஊட்டுக்காரரே சொல்லுவாரு...”

“போதும்மா, போதும், போ!” அப்டின்னு ஆபீஸரு கெஞ்சுறாரு.

அதுக்கப்புறம் அஞ்சாறு பேரு பாக்கி. கூப்டவே இல்ல. இருபத்திமூணு பேருல ஒரு கையெழுத்து வாங்க முடியல. சாயங்காலம் கன்னியம்மாவ உள்ள கூப்ட்டு, மூணு நாளு சம்பளத்த புடிச்சிகினு கார்ட திருப்பி குடுத்துட்டாங்க. மறுநாளு வந்து பாத்தா ஆணி மட்டும் கீது, டோக்கன் இல்ல. ஜெயிச்சிட்டோம்னு ரொம்ப ஆடாதீங்க, அடுத்த மாசமே சூப்பரவைசரு நோட்டுல யாரு எத்தினி தடவன்னு எழுத ஆரம்பிச்சாங்க. ஆனா பல்லக் கடிச்சிகினு குந்தினது அதோட போச்சு.

அன்னிக்கி ட்ரெயின்ல நானும் கன்னியம்மாவும் வாசப் பக்கம் நின்னுகினு வந்தோம். நான் அழுதேன். அவ முதுகுல ஒண்ணு வெச்சா.

“ஏய் லூசு, ஆளு ஜகா வாங்கும்னு எனக்குத் தெரியும்டி. அதுக்குத்தான் தண்ணி.”

மெய்யாலுமே பிளானாத்தான் தண்ணி குடிக்கச் சொன்னாளா, இல்ல எனக்காக அப்ப ஜோடிச்சி சொன்னாளா, இன்னி வரைக்கும் தெரியல. கேக்கணும் கேக்கணும்னு இருந்தேன். எத்தினி வருஷம், தெனிக்கும் பக்கத்து மெஷின்ல, கேக்கவே இல்ல.

அம்பத்தூர் தாண்டினப்புறம், சிரிப்பெல்லாம் அடங்கி, வெளிய பாத்துகினே சொன்னா: “மத்தவளுங்கள நான் கணக்குலயே வெக்கல. உன்ன ஒருத்திய வெச்சிருந்தேன். உனக்கு பயமா கீதுன்னு டீ டைம்லயே சொல்லியிருக்கலாம்டி. சொல்லியிருந்தா நான் ஒன் பக்கம் திரும்பியே இருக்க மாட்டேன்.”

பொண்ணுங்களா, இத்த நல்லா கேட்டுக்குங்க. அவ எய்ந்துக்காததுக்கு கோவிச்சிக்கல. திரும்பிப் பாக்க வெச்சதுக்குத்தான். பயம் எல்லாருக்கும் வரும். வந்தா முன்னாடியே சொல்லிடுங்க. நாளைக்கி இந்த லைன்ல எதுனா ஒண்ணு வரும், வராம இருக்காது. அப்ப ஒருத்தி ஒங்கள கேப்பா. நிக்க முடியலன்னா ‘முடியலக்கா’ன்னு அவ மூஞ்சிக்கி நேரா சொல்லுங்க. அவ வேற ஆளு பாத்துக்குவா. அதே மாதிரி நீங்க யாரையாச்சும் கேக்குறப்ப, பெருசா கேக்காதீங்க. உயிரக் குடு, வேலயக் குடுன்னு கேட்டா கத்திரிய கீழ போட்டுடுவாளுங்க. நெசத்த மட்டும் சொல்லு, மாத்தாம சொல்லுன்னு கேளுங்க. அதுக்கு நிப்பாளுங்க. எங்க லைன்ல இருந்த பயந்தாங்கொள்ளிங்களே நின்னாளுங்க.

கன்னியம்மா போன ஐப்பசில போயிட்டா. மஞ்சக்காமால. பத்து நாளுதான். நிறுத்தி நிறுத்தி சொன்னா அழுதுடுவேன், அதனாலதான் இவ்ளோ வேகமா சொல்றேன்.

இத்தினி நேரம் ஜகா வாங்காதேன்னு பேசினேன்ல. அவ போன அன்னிக்கி நான் திரும்பவும் வாங்கினேன். பாடி ஊட்டுக்கு வந்துட்சுன்னு சொன்னாங்க. பழைய லைன்ல பாதி பேரு வேற வேற கம்பெனில கீறாங்க, எல்லாம் லீவு போட்டுட்டு முத்தாபுதுப்பேட்டைக்கு வந்துட்டாங்க. நானும் போனேன். தெரு மொன வரைக்கும் போனேன். மோளம் கேக்குது. அதுக்கு மேல காலு போவல. அவ மூஞ்சிய அப்டி பாக்க என்னால முடியல. கரண்டு கம்பத்தப் புடிச்சிகினு நின்னுட்டேன். அவங்க அம்மா உள்ளருந்து என் பேர சொல்லி அழுவுறாங்க, கேக்குது.

கிரேஸ்க்கா உள்ள போயி பாத்துட்டு என்னத் தேடிகினு வெளிய வந்தாங்க. திட்டப் போறாங்கன்னு நெனச்சேன். இல்லாட்டி ‘வாடி’ன்னு கையப் புடிச்சி இழுப்பாங்கன்னு நெனச்சேன்.

“யக்கா, முடியலக்கா,” அப்டின்னேன்.

“செரி,” அப்டின்னாங்க. “நானும் இங்கியே நிக்கிறேன்.”

அவங்களுக்கு காலு ரெண்டுலயும் நரம்பு சுருட்டிகினு கீது, பத்து நிமிஷம் சேந்தாப்ல நிக்க முடியாது. கன்னியம்மாவ எடுக்குற வரைக்கும் ரெண்டு மணி நேரம் என் பக்கத்துல நின்னாங்க. ஒரு வாட்டி கூட குந்தல.